பாடம் செய்த மாட்டுக்குள் ஒரு போட்டோகிராபர்

மீன்கொத்தி மீன் பிடிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை. கிளையில் உட்காரும், குனிந்து பார்க்கும், விழும், எழும், பிடித்த மீனைக் கிளையில் இரண்டு அடி அடித்து விழுங்கும். அதற்கென்று உபகரணம் எதுவும் வாங்கியதில்லை. முகத்தில் முளைத்ததே போதும். தண்ணீரைத் தொடுகிற அந்தக் கண நேரத்தைப் பிடிக்கத்தான் மனிதகுலம் இருநூறு வருஷமாக அலைகிறது. இந்த அலைச்சலில் ஒரு கழுகுக்குக் கரிப்புகை போட்டார்கள், பஞ்சடைத்த நாரையை ஓடையில் நிறுத்தினார்கள், ஒரு மாட்டைக் குடைந்து உள்ளே ஆளை ஏற்றினார்கள், ஒருவர் கண்ணையே கொடுத்தார். பறவைகள் தரப்பில் இத்தனை காலமும் எந்த முன்னேற்றமும் இல்லை. ஆரம்பத்திலேயே சரியாகச் செய்துவிட்டதால் அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

இந்தச் சரித்திரத்தைப் பெரும்பாலும் எழுதியவர்கள் போட்டோகிராபர்களே. அதனால் பொறுமை, தவம், அர்ப்பணிப்பு ஆகிய சொற்கள் அதில் பக்கத்துக்குப் பத்து வரும். எனக்கென்னவோ இது இயற்கையை இயற்கையாகக் காட்டுவதற்காகச் செய்யப்பட்ட செயற்கைகளின் வரலாறு என்றுதான் படுகிறது. அதில் பொறுமையும் உண்டு. ஆனால் பித்தலாட்டம் அதற்கு மூத்த அண்ணன், கேமராவுக்கே மூத்தது.

ஜான் ஜேம்ஸ் ஆடுபானை எடுத்துக்கொள்வோம். 1827 முதல் 1838 வரை ‘அமெரிக்காவின் பறவைகள்’ என்று 435 தகடுகளில் வெளியிட்ட மகானுபாவர். அவருக்கு முன்னால் பறவை வரைந்தவர்களில் பலருக்கு ஒரு குச்சி, அதன்மேல் பக்கவாட்டில் திரும்பிய ஒரு பறவை, அத்தோடு விஷயம் முடிந்தது. ஆடுபானின் பறவைகள் பாயும், கவ்வும், கிழிக்கும். அந்த உயிர்த்துடிப்பை வரவழைக்க அவர் கையாண்ட வழி ரொம்ப எளிமையானது. முதலில் பறவையைச் சுட்டுக் கொல்ல வேண்டும். உடம்பு விறைப்பதற்குள் கம்பிகளைக் குத்தி, கட்டம் போட்ட பலகையில், அது உயிரோடு இருந்தால் எப்படிப் பாயுமோ அப்படி நிறுத்த வேண்டும். அப்புறம் தூரிகையை எடுக்க வேண்டும்.

1833இல் பாஸ்டன் நகரில் அவருக்கு உயிருள்ள பொன்னாங்கழுகு ஒன்று விலைக்குக் கிடைத்தது. நரிக்கு வைத்த பொறியில் சிக்கிய பறவை. கூண்டுக்குள் இருந்து அது பார்த்த பார்வையில் ஆடுபானுக்கு மனசு இளகிவிட்டது. விடுதலை செய்துவிடலாமா என்று யோசித்ததாக அவரே எழுதியிருக்கிறார். யோசித்தார், அவ்வளவுதான். இறகு கலையாமல் கொல்வது எப்படி என்பதுதான் அடுத்த யோசனை. சின்ன அறையில் கழுகை வைத்து, கரியைப் பற்றவைத்து, கதவு ஜன்னலை அடைத்துவிட்டு வெளியே காத்திருந்தார். தொப்பென்று விழும் சத்தம் வரும், வரும் என்று மணிக்கணக்கில் காது கொடுத்தார். வரவில்லை. திறந்து பார்த்தால், கழுகு நின்ற இடத்தில் நின்று அவரையே உறுத்துப் பார்க்கிறது. மறுநாள் கரியோடு கந்தகமும் சேர்த்தார். புகை தாங்காமல் வீட்டு மனிதர்கள் வெளியே ஓட வேண்டிய நிலை வந்தது. கழுகு மட்டும் அசையவில்லை. கடைசியில் கூரான நீண்ட எஃகுக் கம்பியை நெஞ்சில் இறக்கித்தான் காரியத்தை முடித்தார். பிறகு இரவு பகலாக வரைந்து தானும் நோயில் விழுந்தார். கழுகின் தரப்பிலிருந்து பார்த்தால் அந்த நோய் சற்றுத் தாமதமாக வந்தது.

படம் என்னவோ அற்புதம். பனிமலைகளுக்கு மேல், காலில் வெள்ளை முயலைக் கவ்விக்கொண்டு, வாய் திறந்து கத்தியபடி எழும்புகிறது கழுகு. ஒரு நகம் முயலின் கண்ணுக்குள். வேட்டைப் பறவையை இதைவிட உக்கிரமாக வரைந்தவர்கள் குறைவு. மூல ஓவியத்தின் ஒரு மூலையில், முதுகில் செத்த பறவையைக் கட்டிக்கொண்டு, பள்ளத்தின் குறுக்கே கிடக்கும் மரத்தில் தவழ்ந்து போகும் ஒரு குட்டி மனிதனையும் ஆடுபான் வைத்தார். அது அவர்தான் என்பார்கள். தகட்டில் செதுக்கும்போது ராபர்ட் ஹேவல் அந்த மனிதனை நீக்கிவிட்டார். கழுகுக்குக் கிடைத்த ஒரே நியாயம் அதுதான்.

1839இல் கேமரா வந்தது. இனி யாரையும் கொல்ல வேண்டாம், உள்ளதை உள்ளபடி காட்டலாம் என்று உலகம் குதூகலித்தது. ஆனால் அந்தக் காலத்துக் கேமராவுக்கு அசையாத பொருள்தான் பிடிக்கும். மலை, மாளிகை, மாமனார், இவை சரி. சிட்டுக்குருவிகூட அதன் முன் வெறும் புகைதான்.

வேல்ஸ் நாட்டுச் சீமான் ஜான் டில்வின் லூவெலின் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். போட்டோகிராபியின் தகப்பன்மார்களில் ஒருவரான டால்பட்டின் உறவுக்காரப் பெண்ணைக் கட்டியவர். புதுக் கலை கல்யாணச் சீதனத்தோடு வீட்டுக்குள் வந்த மாதிரி. சொந்த எஸ்டேட், சொந்த ஓடை, கையில் காசு, நிறைய நேரம். 1856இல் அவர் எடுத்த படத்தில் ஓடைக்கரையில் ஒரு நாரை மீனுக்காகக் காத்து நிற்கிறது. லத்தீனில் ‘மீன்பிடிப்பவன், எண் 2’ என்று பெயர் வைத்தார். செடிகொடியெல்லாம் துல்லியம், தண்ணீர் துல்லியம், நாரை அதைவிடத் துல்லியம். காரணம், அது செத்து, பாடம் செய்யப்பட்டு, சட்டத்தில் நிறுத்தப்பட்ட நாரை. இதே முறையில் மானையும் அவர் படம் எடுத்திருக்கிறார்.

இதில் நாரைக்கு நேர்ந்த அவமானத்தைச் சொல்லியாக வேண்டும். அசையாமல் நிற்கும் கலையில் கொக்குக்கும் நாரைக்கும் மேலே ஆள் கிடையாது. ஔவையார் முதல் தேர்தல் நேரத்துப் பேச்சாளர்வரை அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அப்பேர்ப்பட்ட இனத்தில் போய் ஒன்றுக்குப் பஞ்சடைத்து அசையாமல் நிறுத்த வேண்டியிருந்தது. உயிருள்ள நாரை ஆடிவிடும் என்பது பிரச்சினை இல்லை. பெரிய மரப்பெட்டியும் கறுப்புத் துணியுமாக ஒரு சீமான் புதரை விலக்கிக்கொண்டு வந்தால் அது வேறு ஓடைக்குப் போய்விடும், அதுதான் பிரச்சினை.

வேகம் வந்தது அமெரிக்காவிலிருந்து. எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்பவர் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி ஓடும் குதிரையை 1878இல் படம் பிடித்தார். இவர் 1874இல் மனைவியின் காதலனைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்று, ஜூரி விடுதலை செய்து வந்தவர் என்பதை இங்கே சும்மா சொல்லி வைக்கிறேன். குதிரைப் படங்களைப் பார்த்த பாரிஸ் உடலியல் பேராசிரியர் எத்தியன் ஜூல் மரே, இந்த மனிதரைப் பறவைகளையும் எடுக்கச் சொல்லுங்கள் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மரேக்குப் பறத்தலில் பைத்தியம். அதற்கு முன் அவர் புறாவுக்கும் பருந்துக்கும் சேணம் பூட்டி, ரப்பர் குழாய்களை இணைத்து, இறக்கை அசைவதைக் கருவியில் கோடாக வரைய வைத்திருந்தார். அந்தப் பருந்து அப்புறம் என்ன நினைத்துக்கொண்டு வாழ்ந்தது என்று எந்தக் கருவியும் பதிவு செய்யவில்லை.

1881இல் மைப்ரிட்ஜ் பாரிஸுக்கு வந்தார், புறாப் படங்களோடு. மரே ஆசையாக வாங்கிப் பார்த்தார். குதிரையை அப்படித் துல்லியமாகப் பிடித்த கேமராவில் புறா தெளிவில்லாமல் விழுந்திருந்தது. சரி, நாமே செய்துகொள்வோம் என்று 1882இல் அவர் செய்த கருவிதான் போட்டோத் துப்பாக்கி. வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பிடிக்க ஜான்சன் என்ற வானியலாளர் 1874இல் செய்த ‘போட்டோ ரிவால்வர்’ இதற்கு முன்னோடி. மரேயின் துப்பாக்கியில் கட்டை உண்டு, குழல் உண்டு, விசை உண்டு. தோளில் வைத்துக் குறி பார்த்து விசையை இழுத்தால் உள்ளே தகடு சுழலும். விநாடிக்கு 12 படம், ஒவ்வொன்றும் விநாடியில் 720இல் ஒரு பங்கு. ஆக, மனிதனைச் சுட்ட மைப்ரிட்ஜ் பறவையைச் சாதுவாக நிற்கும் கேமராவால் எடுத்தார். ஒரு கொலைவழக்கும் இல்லாத பேராசிரியர் துப்பாக்கியைத் தூக்கினார்.

மரே பனிக்காலத்தைக் கழிப்பது இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கம் பொசிலிப்போவில். கடலோரம், வானம் நிறையக் கடற்காகங்கள். ஊர்ச்சனம் பார்த்தது இதுதான்: ஒரு பணக்காரப் பிரெஞ்சுக்காரர் தினமும் துப்பாக்கியோடு வருகிறார். பறவை வருகிறது. குறி பார்க்கிறார். விசையை இழுக்கிறார். வெடிச்சத்தம் இல்லை, புகை இல்லை, பறவை பாட்டுக்குப் போகிறது. இவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். மாலை வெறுங்கையோடு வீடு திரும்புகிறார், மறுநாளும் வருகிறார். ‘பொசிலிப்போ பைத்தியம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கு நம் ஏரிக்கரைகளில் நீளமான லென்ஸோடு நிற்கிறவர்களை ஆடு மேய்க்கிறவர் பார்க்கும் பார்வை அன்றைக்கே நேப்பிள்ஸில் தயாராகிவிட்டது.

மரே எடுத்தது ஆராய்ச்சி. வெள்ளை வானத்தில் கறுப்பு நிழலாக ஒரு பறவை, அதற்கு மேல் எதுவும் வேண்டாம் அவருக்கு. காட்டுக்குள் போய், பறவையை அதன் வீட்டு வாசலில் வைத்து எடுக்கும் கிறுக்கு முழுமையாகப் பிடித்தது இங்கிலாந்தின் யார்க்‌ஷர் விவசாயி ஒருவரின் இரண்டு மகன்களுக்கு. இந்தச் சகோதரர்களிடம்தான் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும்.

அண்ணன் ரிச்சர்ட் கெர்ட்டன். சிறுவயதில் பறவைக்கூடு தேடப் போய் விழுந்ததில் ஒரு கால் குட்டையாகிப்போனவர். பாடம் கற்றுக்கொண்டு பறவைகளை விட்டுவிட்டாரா என்றால் இல்லை. பறவை மாதிரியே கத்தப் பழகினார். 1882இல் லண்டன் பதிப்பாளர் ஒருவர் அந்தப் பக்கம் வேட்டைக்கு வந்தார். ரிச்சர்ட் காட்டுக்கோழி போலக் குரல் கொடுக்க, நிஜக் காட்டுக்கோழிகள் நம்பி வந்தன. பதிப்பாளர் அசந்துபோய் அவருக்கு கஸ்ஸல் கம்பெனியில் வேலை போட்டுக் கொடுத்தார். நேர்முகத் தேர்வில் கோழியாகக் கத்தி வேலை வாங்கி, அதுவும் புத்தகக் கம்பெனியில் வாங்கி, பிறகு நல்ல எழுத்தாளராகவும் ஆனவர் உலகத்தில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தம்பி செர்ரி. 1892 ஏப்ரல் 10 அன்று லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் ஒரு பூங்குருவிக் கூட்டை முட்டைகளோடு படம் எடுத்தார். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம். 1895இல் வந்த அவர்கள் புத்தகம் பிரிட்டனின் பறவைக்கூடுகளை முழுக்க முழுக்க நேரில் எடுத்த போட்டோக்களோடு காட்டியது. அண்ணன் எழுத, தம்பி எடுக்க. உயரத்தில் கூடு இருந்தால் தம்பி அண்ணனின் தோளில் ஏறுவார். பாறை விளிம்பில் இருந்தால் கயிற்றில் தொங்குவார். கோட்டும் தொப்பியும் அணிந்துகொண்டு ஒருவர் பாதாளத்துக்கு மேல் ஆடுகிற படங்களைப் பார்த்தால், பறவைகள் ஏன் பயப்படாமல் வேடிக்கை பார்த்தன என்று புரியும்.

இவர்கள் காலத்தில் வேட்டைப் படம் என்றால் வேட்டை முடிந்த பிறகு எடுத்த படம் என்று பொருள். பறவை எங்கே எப்போது பாயும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பிடித்த புழுவையோ எலியையோ அலகில் வைத்துக்கொண்டு குஞ்சுக்கு ஊட்ட எங்கே வரும் என்பது தெரியும்: கூட்டுக்கு. அதனால் கூட்டருகே கேமராவோடு ஒளிந்திருந்தால் போதும். எதற்குள் ஒளிவது என்பதில்தான் சகோதரர்களின் மேதைமை வெளிப்பட்டது. போலிப் பாறை செய்தார்கள். போலி மரத்தண்டு செய்தார்கள். வெட்டவெளிப் புல்வெளியில் பாறையும் மரமும் திடீரென்று முளைத்தால் பறவைக்குச் சந்தேகம் வரும் அல்லவா? புல்வெளியில் சந்தேகம் தராத பொருள் மாடு. ஒரு மாட்டை வாங்கி, தோலுரித்துப் பாடம் செய்து, உள்ளே கூடாக விட்டு, தோலில் ஓட்டை போட்டு அதில் லென்ஸைப் பொருத்தினார்கள். ரிச்சர்ட் உள்ளே போய்க் குனிந்து நிற்பார். அப்புறம் ஒரு பாடம் செய்த ஆடும் வந்தது. அதற்குள் கேமரா மட்டும், ஆள் கிடையாது. ஆட்டுக்குள் போக யார்க்‌ஷர்காரர்களின் உடம்பு ஒத்துழைக்கவில்லை.

நம் ஊர்ப் பால்காரர்கள் கன்று செத்துப்போன பசுவின் முன் தோல்கன்றுக்குட்டியை நிறுத்திப் பால் கறந்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய அதிசயமாகப் படாது. ஆனால் நம்மவர்கள் கன்றுக்குள் தாங்களே புகுந்துகொண்டதில்லை. அந்த ஒரு படியைத் தாண்டியவர்கள் கெர்ட்டன் சகோதரர்கள்.

மாட்டுக்குள் காற்று கிடையாது, கால் நீட்ட இடம் கிடையாது, அதிலும் ஒரு கால் குட்டை. ஒரு தடவை உள்ளேயே ரிச்சர்டுக்கு மயக்கம் வந்து, மாடு தடாலென்று சாய்ந்தது. நான்கு கால்களும் வானத்தைப் பார்க்க, வயிற்றுக்குள் ஒரு எழுத்தாளர். இந்தக் கோலத்திலிருக்கும் மாட்டின் போட்டோ இருக்கிறது. போட்டோ இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? அண்ணனைத் தூக்குவதற்கு முன்னால் யாரோ கேமராவைத் தூக்கியிருக்கிறார்கள். அப்போது பக்கத்தில் அந்தத் தொழில் தெரிந்தவர் தம்பி ஒருவர்தான். இயற்கைப் போட்டோகிராபியின் முழு ஒழுக்கநெறியும் அந்த ஒரு படத்தில் அடங்கியிருக்கிறது என்பேன். பறவைகள் அந்த நேரம் என்ன செய்தன? மாடு மல்லாந்து கிடப்பதும் பேசுவதும் அவை இதுவரை பார்க்காத இயற்கைக் காட்சி.

எரிக் ஹாஸ்கிங்கிடம் வரும்போது கொஞ்சம் சிரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவரே அடக்கிக்கொள்ளாததால் நாமும் முழுக்க அடக்க வேண்டாம். 1909இல் பிறந்த லண்டன்காரர். பறவைப் படம் எடுத்தே சாப்பிடுவது என்று முடிவு செய்தவர். அப்போது அது கிட்டத்தட்டப் பட்டினி கிடப்பது என்ற முடிவு. 1937 மே மாதம் வேல்ஸில் டோல்டவ்லாட் என்ற இடத்தில், ஒரு டானி ஆந்தைக் கூட்டுக்கு எதிரே உயரமான பரண் கட்டி மேலே ஒளிந்திருந்து படம் எடுக்க ஒரு மறைவிடம், ஹைடு, அமைத்திருந்தார். இருட்டில் அதை நோக்கி ஏறினார். குஞ்சு இருக்கும் நேரத்தில் இந்த ஆந்தைக்கு விருந்தாளி பிடிக்காது. ஆந்தை பறக்கும்போது சத்தம் வராது என்பது அதன் வேட்டை ரகசியம். இறகின் ஓரம் பஞ்சு மாதிரி காற்றைச் சிதறடித்துவிடும். எலிகளுக்கு மட்டுமே தெரிந்த அந்த ரகசியம் அன்றிரவு ஹாஸ்கிங்குக்கும் தெரிந்தது. எதுவும் கேட்கவில்லை, எதுவும் தெரியவில்லை, முகத்தில் ஒரு அடி. நகம் இடது கண்ணில் இறங்கிவிட்டது.

லண்டன் கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நோய்த்தொற்று ஏறிவிட்டது. பென்சிலின் கைக்கு வராத காலம். அந்தக் கண்ணை எடுக்காவிட்டால் இன்னொரு கண்ணும் போகலாம் என்ற நிலையில், எடுத்துவிடச் சொன்னார். வயது 27. ஒற்றைக் கண்ணோடு ஒரு மனிதர் அடுத்து என்ன செய்வார்? வேறு தொழில் பார்ப்பார், அல்லது ஆந்தையைச் சுடச் சொல்வார். ஹாஸ்கிங் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த கையோடு அதே இடத்துக்கு, அதே ஆந்தையைப் படம் எடுக்கப் போனார். இந்தத் தடவை வாள்சண்டைக்காரர்கள் போடும் கம்பிவலை முகமூடியோடு. பிற்பாடு 1970இல் எழுதிய சுயசரிதைக்கும் அந்தக் கண்ணை வைத்தே சிலேடையாகப் பெயர் வைத்தார்.

இந்த இருநூறு வருஷக் கதையில் கணக்கு நேராக இருப்பது இந்த ஒரு இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றும். மற்ற எல்லாரும் பறவையிடமிருந்து எடுத்தார்கள். இவரிடமிருந்து பறவை ஒன்று எடுத்துக்கொண்டது. வேட்டையாடும் ஆந்தையை இத்தனை கிட்டத்தில், இரையின் கோணத்திலிருந்து, பார்த்தவர் வேறு யார்? ஷட்டரை அமுக்கத்தான் அவகாசம் கொடுக்கவில்லை.

அவர் மீதிக் கண்ணால் செய்தது ரெண்டு கண்ணுக்காரர்கள் செய்ததைவிட அதிகம். மின்னணு ஃப்ளாஷைப் பறவைகளிடம் கொண்டுபோன முன்னோடிகளில் ஒருவர். 1948இல் அவர் எடுத்த கூகைப் படம் உலகம் சுற்றியது: வயலெலியோடு, இரண்டு இறக்கையும் தலைக்கு மேல் உயர்ந்து விரிய, ராஜமுத்திரையில் பொறித்த சின்னம் போல நேருக்கு நேர் நிற்கும் கூகை. ஒளிக்கதிரைக் குறுக்கே ஓடவிட்டு, பறவை அதை அறுத்தால் ஷட்டர் தானாகச் சொடுக்கும் ஏற்பாட்டையும் அவர் பயன்படுத்தினார். அதாவது பறவை தன்னைத்தானே எடுத்துக்கொள்கிறது. கீழே பெயர் மட்டும் ஹாஸ்கிங்.

சென்னையிலும் இதே தலைமுறையில் ஒரு தனி ரகம் இருந்தார். மா. கிருஷ்ணன், 1912இல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். யானைகள்தான் அவருக்கு உயிர் என்றாலும் பறவைகளை எழுத்தில் அவரளவுக்குக் கவனித்தவர்கள் இங்கே விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை பத்தி எழுதினார். ஒரு கேமராவின் உடம்பையும் இன்னொன்றின் லென்ஸையும் ஒட்டவைத்து ஒரு பூதத்தைச் செய்து, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். கலர் பிலிமைக் கடைசிவரை மதிக்கவில்லை. இதற்கிடையில் ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதினார். மாட்டுக்குள் புகவேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. நம் ஊரில் மாட்டுக்குள் ஆள் இருந்தால் முதலில் கண்டுபிடிப்பது பறவையாக இருக்காது, மாட்டுக்காரராக இருக்கும்.

டிஜிட்டல் வந்தபின் பிலிம் செலவு என்ற ஒரே கடிவாளமும் அறுந்தது. ஸ்காட்லாந்தின் ஆலன் மக்ஃபேடியன் என்பவர், தண்ணீரைத் துளிகூடத் தெறிக்காமல் அலகின் நுனி தொடும் கணத்தில் மீன்கொத்தியும் அதன் பிம்பமும் ஒரே கோட்டில் நிற்கும் படத்தை 2015இல் எடுத்தார். அதற்கு ஆறு வருஷம், 4,200 மணி நேரம், 7,20,000 கிளிக். மரேயின் ஷட்டர் திறந்திருந்தது விநாடியில் 720இல் ஒரு பங்கு. மக்ஃபேடியனுக்குத் தேவைப்பட்டது 720 ஆயிரம். எண்களில் ஜோதிடம் பார்ப்பவர்கள் மேற்கொண்டு பார்த்துக்கொள்ளலாம். இந்த ஆறு வருஷத்தில் மீன்கொத்தி தின்ற மீன்களுக்குக் கணக்கு இல்லை. எத்தனை முறை குறி தவறியது என்று அது யாரிடமும் பேட்டி கொடுக்கவும் இல்லை.

எல்லாருக்கும் ஆறு வருஷம் காத்திருக்க லீவு கிடைக்காது. ஆகவே குறுக்குவழிகள். தண்ணீருக்குள் கண்ணாடித் தொட்டியைப் புதைத்து, அதில் சின்ன மீன்களை விட்டு, சரியாக மேலே அழகான ஒரு பெர்ச் குச்சியை நட்டுவிட்டால் மீன்கொத்தி வேறெங்கே விழும்? ஃபோகஸையும் முன்கூட்டியே அங்கே வைத்துவிடலாம். பேக்கிரவுண்டும் க்ளீன். வட அமெரிக்காவின் பனிவெளியில் பனி ஆந்தை கேமராவைப் பார்த்தே பறந்து வருவதுபோல் ஒரு வகைப் படம் உண்டு. பனிவெளிக்கும் செல்லப்பிராணிக் கடைக்கும் நடுவில் எலி ஒன்று காரில் பயணம் செய்திருக்கிறது என்பதை அந்தப் படங்களில் பலவற்றுக்கு நீங்களே எழுதிக்கொள்ளலாம். சாலையோரம் இருக்கும் ஆந்தைக்கு இது பழகிப்போனால் காரைக் கண்டதும் இறங்கி வரும். கார்களில் எல்லாமே எலியோடு வருவதில்லை என்று அதற்கு யார் சொல்வது? சிரிப்பதற்கில்லாத பகுதி இது.

இப்போது போட்டிகள் விதி போட்டுவிட்டன. உயிருள்ள இரையைக் காட்டி வரவழைத்த வேட்டைப் பறவையின் படம் வேண்டாம் என்கிறார்கள். அமெரிக்காவில் அப்படிச் சொல்லும் புகழ்பெற்ற போட்டியின் பெயர் ஆடுபான் போட்டோகிராபி விருதுகள். பறவைக்கு இடைஞ்சல் தரக் கூடாது என்பது அதில் கண்டிப்பான விதி. கரியும் கந்தகமும் பற்றித் தனியாக எழுத வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை.

பஞ்சடைத்த பிராணிகள் ஓய்வு பெற்றுவிட்டன என்று நினைத்தால் அதுவும் தப்பு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போட்டியில் வென்ற ஒரு பிரேசில் படத்தில், இரவில் மின்னும் கரையான் புற்றை ஓர் எறும்புதின்னி நெருங்கிக்கொண்டிருந்தது. பறவை இல்லை, ஆனாலும் குடும்பக் கதை என்பதால் சொல்கிறேன். படம் எடுத்த பூங்காவின் வாசலில் பார்வைக்கு வைத்திருக்கும் பாடம் செய்த எறும்புதின்னிக்கும் படத்திலிருப்பதற்கும் முடிக்கு முடி ஒற்றுமை இருப்பதாக நிபுணர்கள் சொல்ல, 2018இல் பரிசைப் பறித்தார்கள். எடுத்தவர் மறுத்தார். 1850களில் பாடம் செய்த பிராணி கேமராவுக்கு முன்னால் நின்றது; கெர்ட்டன் காலத்தில் பின்னால் போய்ப் போட்டோகிராபரைச் சுமந்தது; இப்போது பழைய உத்தியோகத்துக்கே திரும்பி வந்திருக்கிறது.

புதுக் கேமராக்கள் விநாடிக்கு 120 படம் எடுக்கின்றன, மரேயின் துப்பாக்கியைப் போல் சரியாகப் பத்து மடங்கு. பறவையின் கண் எங்கே என்று தாமே தேடிப் பிடிக்கின்றன. இன்னொரு வித்தையும் உண்டு: ஷட்டரைப் பாதி அமுக்கி வைத்திருந்தால், முழுசாக அமுக்குவதற்கு முந்தைய கணங்களையும் சேர்த்துக் கொடுத்துவிடும். மீன்கொத்தி பாய்ந்ததைப் பார்த்து, அடடா என்று சொல்லி, பிறகு விரலை அமுக்கினாலும் பாய்ந்தது கிடைத்துவிடும். ஆக, குறி பார்ப்பதைக் கேமரா எடுத்துக்கொண்டது, நேரம் பார்ப்பதையும் எடுத்துக்கொண்டது. போட்டோகிராபருக்கு மிச்சம் வைத்திருப்பது விடியற்காலை எழுவதும், லென்ஸைச் சுமப்பதும், ராத்திரி உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் அழிப்பதும்.

ஒளிந்துகொள்ளவும் இப்போது மாடு தேவையில்லை. ஸ்காட்லாந்தின் அவிமோர் பக்கம் மீன்பண்ணைக் குளங்களை ஒட்டி ஹைடு கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். விரால் அடிப்பான் என்ற பறவை குளத்தில் பாய்ந்து டிரவுட் மீனோடு எழும்புவதை உட்கார்ந்த இடத்திலிருந்து எடுக்கலாம். ஒரு காலத்தில் இதே பறவை மீன் திருடன் என்று பிரிட்டனில் சுட்டும் முட்டை திருடியும் கூடுகட்டும் இனமே இல்லாமல் ஆக்கினார்கள். 1950களில்தான் திரும்பி வந்தது. இப்போது அதே திருட்டுக்கு இருட்டோடு எழுந்து வந்து டிக்கெட் வாங்குகிறார்கள். மீன் பறவைக்கு இலவசம். பறவை வராவிட்டால் பணம் வாபஸ் கிடையாது.